நஸரேயில் குடித்தனம்: புதிதாக வருவோருக்குச் சில குறிப்புகள்

லிஸ்பனுக்கு வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் இருக்கிறது நஸரே என்னும் மீன்பிடி ஊர். கோடை வெயிலையும் மணலையும் பார்த்துவிட்டு இங்கே வீடு எடுப்பவர்கள் அதிகம். குடித்தனம் நடத்தும்போதுதான் தெரியும், துணி காய்வது முதல் வாடகை வரை எல்லாமே கடலையும் பருவத்தையும் ஒட்டித்தான் நடக்கும் என்பது.

1. முதல் வேலை, 'நிஃப்' எனப்படும் 9 இலக்க வரி எண் வாங்குவது. 'ஃபினான்சாஸ்' என்னும் வரி அலுவலகத்தில் தருவார்கள். வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். கடையில் பில் போடும்போது இந்த எண்ணைச் சொன்னால் ஆண்டு முடிவில் வரிக் கழிவுக்கும் உதவும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

2. செப்டம்பரில் மலிவாகக் கிடைக்கும் வீட்டை ஜூனில் காலி செய்யச் சொல்லலாம். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் வருமானம் கூடுதல் என்பதால், 'ஜூன் வரை மட்டும்' என்று விடுவது கடலோர ஊர்களில் சகஜம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். அது ஃபினான்சாஸில் பதிவாகுமா, மாதாமாதம் ரசீது வருமா என்று கேளுங்கள். ரசீது தரத் தயங்குபவரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

3. குளிர்காலத்தில் பெரிய எதிரி ஈரம். பல வீடுகளில் மைய வெப்ப வசதி கிடையாது. மழை மாதங்களில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகமாகக் குளிரும். வீடு பார்க்கப் போகும்போது அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால், புதிதாக அடித்த சுண்ணாம்பை நம்பாதீர்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். எவ்வளவு குளிரானாலும் காலையில் 10 நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்குங்கள், டிவிகூட அப்புறம்தான். பூஞ்சை பிடித்த இடத்தை வினிகரால் துடைத்துக் காயவிடலாம். வினிகரோடு பிளீச்சை மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சிலிண்டரில் எரியும் அறை ஹீட்டர் ஈரத்தைக் கூட்டவே செய்யும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பட்டுப்புடவை, அப்பளம், பருப்பு எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

4. மின் ஒப்பந்தத்தில் எத்தனை கேவிஏ என்று பாருங்கள். 3.45 என்றால் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, அவன் மூன்றையும் சேர்த்துப் போட்டதும் மின்சாரம் நின்றுவிடும். இரவில் கட்டணம் குறையும் திட்டம் எடுத்தால் வாஷிங்மெஷினை இரவு 10 மணிக்கு மேல் ஓடவிடலாம்.

5. பல வீடுகளில் சமையலுக்கும் குளியல் வெந்நீருக்கும் ஒரே சிலிண்டர்தான். கைவசம் இன்னொன்று வைத்திருங்கள். வெந்நீர் திடீரென்று நின்றால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கொதிகலனுக்கு அடியில் இருக்கும் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

6. கோடையில் பிற்பகலானால் 'நொர்தாதா' என்னும் வடகாற்று வீசும். துணியைக் காலையிலேயே உலர்த்தி எடுத்துவிடுங்கள். இரும்புக் கம்பி போட்ட கிளிப் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறையாக்கும்.

7. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதனால் திங்கட்கிழமை மீன் வாங்காதீர்கள். மத்தி வாங்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். அப்போது நெய் ஒழுகும். கேட்டால் மீன்காரம்மாவே சுத்தம் செய்து தருவார். கடற்கரையில் பெண்கள் வலைத்தட்டிகளில் காயப்போட்டு விற்கும் கராபாவ் கருவாடு நம் குழம்புக்கு அருமையாகச் சேரும். வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு, கடைசியில் உப்புப் பாருங்கள். பக்கல்யாவ் என்னும் உப்புக்கண்ட மீனை ஒரு நாளாவது ஊறவைத்து, நாலைந்து முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

8. அரிசிக்குக் கவலையே இல்லை. தினச் சாப்பாட்டுக்கு நீளமான 'அகுல்யா'. குழைய வேண்டிய பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் 'கரோலினோ'. கொத்தமல்லி கட்டுக் கட்டாகக் கிடைக்கும். உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் லிஸ்பனில் மர்த்தீம் மொனீஷ் பக்கத்துக் கடைகளுக்குப் போக வேண்டும். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.

9. கடற்கரையில் பச்சைக் கொடி என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் இறங்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் தண்ணீருக்கே போகாதீர்கள். கடலடிப் பள்ளத்தாக்கால் ராட்சத அலை எழும் 'பிராயா தோ நோர்த்தே' பக்கம், கடல் அமைதியாகத் தெரிந்தாலும் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

10. உடம்புக்கு முடியாவிட்டால் ஆலோசனைக்கு 808 24 24 24, அவசரத்துக்கு 112. இரவில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்ற விவரம் ஒவ்வொரு மருந்துக்கடைக் கதவிலும் ஒட்டியிருக்கும்.