எர்த்துக் கம்பியை அறுப்பவர்களுக்கு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து புழங்கும் நம் கிராமங்களில், ஆலயப் பாடகர் குழுவிலோ கல்யாண வீட்டுக் கச்சேரியிலோ கிதார் வாசிக்கும் இளைஞர்கள் பழுதுபார்க்க என்னிடம் வால்வ் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவரும்போதெல்லாம் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “எர்த்த எடுத்துவிட்டா ஹம்மிங் நின்னிரும்னு மைக் செட்டுக்காரர் சொன்னாரு அண்ணே.” களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் இவ்வளவு சிரத்தையோடு பரப்பப்பட்டு வரும் வேறொரு துர்போதனையை நான் கேட்டதில்லை.

இவ்வாறு சொல்பவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிட முடியாதிருப்பதுதான் இதிலுள்ள பேரபாயம். ஏனெனில், எர்த்தை அறுத்தால் இரைச்சல் பல வேளைகளில் நிற்கத்தான் செய்கிறது. மேடையின் ஓர் ஓரத்துச் சாக்கெட்டில் ஆம்ப்ளிஃபையரும், மறு ஓரத்துச் சாக்கெட்டில் மிக்சரும் செருகப்பட்டு, இரண்டின் உலோகச் சட்டமான சேசிஸும் தத்தம் எர்த்துக் கம்பி வழியே மண்ணோடு இணைந்திருக்க, அவ்விரண்டையும் சேர்க்கும் சிக்னல் வயரின் ஷீல்டு இடையில் மூன்றாவது பாதையாக அமையும்போது, ஒரு பெரிய வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தில் சுற்றி ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம், கிதாரிலிருந்து வரும் அற்பமான மில்லிவோல்ட்டுகளோடு கலந்து, வால்வுகளால் பெருக்கப்பட்டு, முனகலாக வெளிவருகிறது. எர்த்தை அறுத்தால் வளையம் அறுகிறது. உயிரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்ட பாதையும் கூடவே அறுகிறது.

அண்மையில் என் மேசைக்கு வந்த பழைய பெட்டி ஒன்றில், பச்சை நிற எர்த்துக் கம்பி சேசிஸுக்கு அருகிலேயே கத்தரிக்கப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் பத்திரமாகச் சுற்றப்பட்டிருந்தது. மீட்டரின் ஒரு முனையைச் சேசிஸிலும் மறு முனையை நல்ல எர்த்திலும் வைத்தபோது முள் 100 வோல்ட்டைத் தாண்டி நின்றது. அக்காலப் பெட்டிகள் சிலவற்றில் மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு சிறு கண்டன்சர் வைப்பது வழக்கம். அது பழுதாகி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், 230 வோல்ட் முழுவதும் சேசிஸுக்கு வந்து, அங்கிருந்து ஷீல்டு வழியாகக் கிதாரின் தந்திகளுக்கே வந்துவிடும். தந்தியில் கை இருக்க, எர்த்தோடு இணைந்த மைக்கில் உதடு பட்டால், மின்சாரம் மார்பைக் கடந்து செல்லும்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணுவோர், 1972 மே 3 அன்று ஸ்வான்ஸி நகரத்து மேடையில், எர்த்து சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிர்விட்ட ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வியை நினைத்துப் பார்க்கட்டும். 1976 மே மாதத்தில், யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், தம் வீட்டில் எர்த்து சரியில்லாத கிதாரால் மாண்டார்.

சரியான பரிகாரமோ மிக எளியது. ஆம்ப்ளிஃபையர், மிக்சர், பெடல் அடாப்டர் அனைத்துக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அதன் பின்னும் முனகினால், சிக்னல் வயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் விடுவியுங்கள், அல்லது இடையில் தனித்துப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேருங்கள். மின் இணைப்பின் எர்த்தை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள்.

அடுத்த நம்பிக்கை, இரைச்சல் கேட்டால் வால்வ் போய்விட்டது என்பது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கிய பின்பு நம் நாட்டிலேயே கிடைத்துவந்த வால்வுகள் இன்று அரிதாகிவிட்ட நிலையில், காதைப் பயன்படுத்தாமல் பணத்தைக் கொட்டுவது வீண். முதலில் கிதார் வயரைப் பிடுங்குங்கள். சப்தம் நின்றால், குற்றம் கிதாரிலோ வயரிலோ அருகிலுள்ள ட்யூப்லைட் சோக்கிலோ இருக்கிறது. நிற்காவிட்டால், வால்யூமைக் குறையுங்கள்; குறைத்தும் மாறாத முனகல் பெரும்பாலும் பவர் சப்ளையைச் சேர்ந்தது. ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் எழும் ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். முனகல் அந்த ஸ்வரத்தோடு ஏறக்குறைய ஒத்திருந்தால், அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஃபில்டர் கண்டன்சர்கள் உலர்ந்துபோனதன் அறிகுறி. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, கிதாரின் எந்தத் தந்தியும் எட்டாத ஆழத்தில் முனகினால், அது 50 ஹெர்ட்ஸ்; எர்த்து வளையத்தையோ வால்வுகளின் 6.3 வோல்ட் ஹீட்டர் கம்பிகளையோ சந்தேகியுங்கள். பூவார், பொழியூர் கடற்காற்றில் வால்வ் சாக்கெட்டின் கால்கள் களிம்பேறி வெடவெடவென்று சப்தமிடுவதும் உண்டு. துடைத்தாலே தீரும் அதற்குப் புது வால்வ் எதற்கு?

ஸ்டெபிலைசர் வைத்தால் ஹம் போகும் என்பதும் தவறு; அது வோல்ட்டேஜைக் காக்குமேயன்றி எர்த்து வளையத்தைத் தீர்க்காது. பெரிய கண்டன்சர் வைத்தால் நல்லது என்பது பாதி உண்மை, ஜி.இசட். 34 ரெக்டிஃபையருக்கு முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகலாகாது. சுவிட்சை அணைத்துவிட்டால் பெட்டிக்குள் கை விடலாம் என்பது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. கண்டன்சர்களில் 400 வோல்ட் வெகுநேரம் தங்கியிருக்கும். வால்வ் பெட்டியில் மெல்லிய சீறல் இருக்கத்தான் செய்யும் என்பது மட்டும் நியாயமே.

இவ்வளவும் சொல்லிய பின்பு, நம் ஆலயக் கமிட்டிகளையும் கோவில் கமிட்டிகளையும் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிழாவுக்கும் கன்வென்ஷனுக்கும் ஒலிபெருக்கிக் குழாய்களை அதிகப்படுத்த ஆண்டுதோறும் பணம் திரட்டும் இவர்கள், கரியும் உப்பும் இட்டு ஒழுங்கான எர்த்துக்குழி வெட்டவும், மேடைக்கென்று 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்தவும் மனம் வைப்பதில்லை. தொட்டவன் உடலின் வழியே மின்சாரம் கசியத் தொடங்கிய மாத்திரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. பந்தலில் எர்த்து இல்லாத இரண்டு கம்பி வயரை இழுக்கும் மைக் செட்டுக்காரருக்கு இனி ஒப்பந்தம் கொடுக்காதீர்கள். வேனிற்காலத்தில் எர்த்துக்குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கும் வேலையையும் கமிட்டியில் ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள்.