சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுங்கள்

ஓசூரில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர் முதல் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பாதியில் நின்றுபோனால், முழங்காலைச் சந்தேகிப்பதற்கு முன் அவருடைய ஃபோனைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும். இரண்டாவது கிலோமீட்டரில் மணி அடிக்கும். "அண்ணா, இன்செர்ட் உடைஞ்சிருச்சு, போர் ஓவர்சைஸ் வருது, என்ன பண்றது?" அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. ஓனர் வந்து ஆஃப்செட் மாற்றினால்தான் மெஷின் ஓடும் என்ற நிலையில் ஓனர் ஓட முடியாது. அந்தப் பட்டறை வளரவும் முடியாது.

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி டோக்கியோவில் ஜாஸ் இசை மதுக்கூடம் நடத்தியவர். கடையை விற்ற பிறகுதான், 1982-ல், ஓட ஆரம்பித்தார். நமக்கு அந்த வசதி இல்லை. நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் மா. சுப்பிரமணியன் இருக்கிறார். விபத்தில் முழங்கால் அடிபட்டவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி, அமைச்சராக இருந்தபோதும் விடியற்காலையில் ஓடினார். அவருக்குப் பின்னால் ஓர் அலுவலகமே இருந்தது என்பீர்கள். உண்மைதான். உங்களுக்கும் ஒரு குட்டி அலுவலகம் வேண்டும் என்றுதான் சொல்ல வருகிறேன்.

முதலில் எந்தப் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள். முதல் முறை 10 கிலோமீட்டர் போதும். 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானை வளரும் தொழிலோடு சேர்த்து எடுத்துக்கொள்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பெங்களூருவில் 2008 முதல் நடக்கும் டிசிஎஸ் வேர்ல்டு 10கே நமக்குப் பக்கம். ஓசூரும் பெங்களூருவும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றும் வெயிலும் பழகியவைதான். சிக்கல் தேதியில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அது ஏப்ரல் கடைசியில் நடக்கிறது. அப்படியென்றால் பயிற்சி கனக்கும் மாதம் மார்ச். கணக்கு முடிப்பு, ஸ்டாக் எடுப்பு, பார்ட்டி கேட்கும் அவசர டெலிவரி எல்லாம் விழுவதும் அதே மார்ச்சில்தான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானின் 10 கிலோமீட்டர் பிரிவு இந்த வகையில் சௌகரியம். தீபாவளி போனஸ் தலைவலி முடிந்திருக்கும், பயிற்சிக்கு நம் ஊர்க் குளிரும் கிடைக்கும். ஆனால் அந்தக் குளிரில் பழகிய உடம்பைச் சென்னைப் புழுக்கம் திணறடிக்கும். அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராகப் போங்கள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள். இரண்டு வேலை நாட்களில் அரை மணி நேரம், ஞாயிறு கொஞ்சம் நீளமாக. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் நடங்கள். நடந்து ஓடி, நடந்து ஓடி முடிப்பதில் வெட்கமில்லை. தவறவிட்ட ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்கள், ஷூ வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

கவனம் வேண்டியது பட்டறையில்தான். ஓடத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, யாருக்கு எந்த முடிவை எடுக்கும் உரிமை என்று எழுதி ஒட்டுங்கள். முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போடுவது யார்? எத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்செர்ட் மாற்ற வேண்டும்? தொடர்ந்து இரண்டு பீஸ் ரிஜெக்ட் ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு அடுத்த ஜாபை ஏற்றலாமா? ஏற்றலாம், என்னைக் கேட்க வேண்டாம் என்று எழுதுங்கள். ஆபரேட்டர்களில் ஒடியாவோ இந்தியோ பேசுபவர்கள் இருந்தால் தமிழில் எழுதிய காகிதம் சுவரை மட்டும்தான் அலங்கரிக்கும். கேஜ் எந்த இடத்தில் நுழைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஃபோட்டோ எடுத்து ஒட்டுங்கள்.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கர்நாடகப் பக்கம் உள்ள பொம்மசந்திரா, ஜிகணி பார்ட்டிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்களின் சரக்கு அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஜாப் ஒர்க் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பல பட்டறைகளில் அதன் பாஸ்வேர்டும் ஓடிபியும் ஓனர் பாக்கெட்டில். லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும், ஓனர் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருப்பார். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கிறது. கணக்குப் பார்ப்பவரின் மொபைல் எண்ணில் ஒன்று ஏற்படுத்திக் கொடுங்கள். பத்து நிமிட வேலை இது.

ஜிஎஸ்டியை மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 11-ம் தேதியையும் 20-ம் தேதியையும் காலண்டரில் வட்டமிட்டு, அந்த நாட்களில் ஓட்டம் வைக்காதீர்கள். புது விஎம்சி மெஷின் வந்து இறங்கும் மாதத்தில் பயிற்சியையே தொடங்காதீர்கள். மெஷின் கடனின் முதல் தவணையும் முதல் நீண்ட ஓட்டமும் ஒரே வாரத்தில் வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் கால் பிடித்துக்கொள்ளும். வரவேண்டிய பணத்தின் கவலையும் அப்படித்தான். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு பேமென்ட் கேட்டு ஃபோன் போடும் பழக்கம் கொஞ்சமாவது குறையும்.

எங்கே ஓடுவது? தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு வேண்டவே வேண்டாம். இருட்டில் டிரெய்லர் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. ராமநாயக்கன் ஏரிப் பக்கம், கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போகலாம். தளி, தேன்கனிக்கோட்டை காட்டோரச் சாலைகள் பார்க்க அழகு. ஆனால் ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் பன்னேருகட்டா பக்கமிருந்து வரும். விடியாமல் அங்கே போகாதீர்கள்.

இந்த ஏற்பாடு பலிக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆறாவது வார ஞாயிறன்று ஷிஃப்ட் ஓடும்போது ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் வெளியே போய்வாருங்கள். திரும்பி வந்து ரிஜெக்ஷன் பெட்டியை எண்ணிப் பாருங்கள். வழக்கமான அளவென்றால் அடுத்த வாரமும் ஃபோன் வீட்டிலேயே இருக்கட்டும். கூடியிருந்தால் ஆபரேட்டரைத் திட்டாமல், ஒட்டிய காகிதத்தில் எந்த வரி விட்டுப்போனது என்று அவரிடமே கேட்டு, அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.