பகைவன் எழுதிவைத்த சாட்சி

திருகோணமலை

அன்புள்ள தம்பி,

வரலாறு படிக்கக் கம்பசுக்குப் போகிறாய். ஆணை நேசித்த ஆண்களுக்கு நம் பக்கத்து நாடுகளில் வரலாறே இல்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. அதைத் தேடி எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சலீம் கித்வாய் 1951இல் லக்னோவில் பிறந்தவர். டெல்லி ராம்ஜாஸ் கல்லூரியில் இடைக்கால வரலாறு படிப்பித்தார். நடுவில் மேற்படிப்புக்குக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகம் போனார். 1977 ஒக்டோபரில் மொன்றியலில் தன்பாலீர்ப்பாளர் கூடும் மதுச்சாலையொன்றில் பொலிசார் புகுந்து 146 பேரைப் பிடித்தார்கள். கித்வாயும் அதில் ஒருவர். அதற்குப் பிறகும் அவர் ஒடுங்கிப் போகவில்லை. டெல்லிக்குத் திரும்பிவந்து, தான் யார் என்பதை வெளிப்படையாகப் பேசிய முதல் இந்தியக் கல்வியாளர்களில் ஒருவரானார். அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன்.

1993இல் கல்லூரி வேலையை விட்டார். ரூத் வனிதாவோடு சேர்ந்து அவர் 2000இல் வெளியிட்ட 'இந்தியாவில் ஒருபால் காதல்' என்ற ஆங்கிலத் தொகுப்பு, ஈராயிரம் வருஷத்து நூல்களில் கிடந்த சான்றுகளை ஓரிடத்தில் சேர்த்தது. இது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

அதிலுள்ள ஒரு சான்றைக் கவனி. டெல்லி சுல்தான் முபாரக் ஷா கில்ஜிக்கும் குஸ்ரோ கானுக்கும் இருந்த உறவை வரலாற்றாசிரியர் பரணி 14ஆம் நூற்றாண்டில் எழுதினார். 1320இல் குஸ்ரோ கான் சுல்தானைக் கொன்று அரியணை ஏறியவர். பரணிக்கு அவரைக் கண்ணிலும் காட்டக்கூடாது. எழுத்து முழுக்க வெறுப்பு. ஆனாலும் சாட்சி மிஞ்சிவிட்டது. நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு: போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கல்லாலேயே கோட்டை எழுப்பினார்கள். கயல் பொறித்த கல்லை இன்றும் கோட்டை வாசலில் பார்க்கிறோம். பரணியையும் அப்படித்தான் படிக்கவேண்டும்: அவர் ஏசுவதைக் கழித்து, ஏசும்போது தன்னை அறியாமல் சொல்லிவிடுவதை எடு.

இலங்கையில் நீ பழைய நீதிமன்றப் பதிவுகளில் தொடங்கலாம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள்தான் ஆணை நேசித்த ஆண்களைக் குற்றவாளிகளாக்கின. 1995இல் பெண்களும் அதற்குள் வந்தார்கள். அந்தக் குற்றத்தை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னபிறகும் சட்டம் நீங்கவில்லை. அதனால் உயிரோடிருப்பவர்களிடம் போய்க் கதைக்கும்போது, சம்மதமில்லாமல் பெயரையோ ஊரையோ உன் குறிப்புப் புத்தகத்தில்கூட எழுதாதே.

அன்புடன்,
மாமா