பெயின்ட் அடித்தால் வீட்டு விலை ஏறுமா?

வீட்டை விற்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், தெருவில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். "ஒரு லட்சம் போட்டு பெயின்ட் அடிச்சுடுங்க, மூணு லட்சம் கூடப் போகும்." புரோக்கர் சொல்கிறார், மைத்துனர் சொல்கிறார், பெயின்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கட்டடங்களைப் பார்த்து வங்கிகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கையில் காசில்லாதவர்தான் இந்தப் பேச்சுக்கு மயங்குகிறார். கடனை அடைக்கத்தான் வீட்டையே விற்கிறார்; அதற்கு முன்னால் வட்டிக்கு வாங்கி பெயின்ட் அடிக்கிறார். இதில் என்ன கணக்கு இருக்கிறது?

வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனை நம்பி வருகிறவர்கள். எவ்வளவு கடன் என்பது மதிப்பீட்டு அறிக்கையைப் பொறுத்தது. மனை எத்தனை சதுர அடி, அந்தத் தெருவில் என்ன விலை போகிறது, அரசின் வழிகாட்டி மதிப்பு என்ன, வரைபட அனுமதி உண்டா என்று பார்ப்போம். பிறகு, இன்றைக்கு அதே கட்டடத்தைக் கட்ட எவ்வளவு ஆகும் என்று போட்டு, வயதுக்குத் தகுந்த தேய்மானத்தைக் கழிப்போம். முப்பது வருட வீட்டுக்கு நேற்று பெயின்ட் அடித்தாலும் அதற்கு வயது முப்பதுதான். சுவரின் நிறத்துக்கு நான் ஒரு ரூபாய்கூட எழுதியதில்லை.

"வங்கியை விடுங்க சார், வர்ற பார்ட்டி கண்ணுக்கு அழகா இருக்கணுமே" என்பார்கள். அந்தப் பார்ட்டி தனியாக வருவதில்லை, கூடவே தெரிந்த மேஸ்திரி ஒருவரையும் அழைத்து வருகிறார். புது பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதுமே மேஸ்திரியின் கண் சுவரின் அடிப்பகுதிக்குப் போகிறது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் விரல் கணுவால் தட்டுகிறார். பொத்தென்று சத்தம் வருகிறது. கட்டை விரலால் அழுத்துகிறார். எமல்ஷன் தோலாக உரிந்து, அதன் பின்னாலிருந்து வெள்ளைத் தூள் கொட்டுகிறது. அந்தத் தூள்தான் உப்பு. அஸ்திவாரத்து ஈரம் செங்கல் வழியாக மேலேறி, காயும் இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. உப்புத் தண்ணீர் போர் போட்டுக் கட்டிய வீடுகளில் இது இன்னும் அதிகம். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் ஓட்டினால் ஓதம் நின்றுவிடாது. வெளியேற வழியில்லாமல் பூச்சையே பெயர்த்துக்கொண்டு வரும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. தை பிறந்தால் கிரயம் முடியும் என்று எல்லோரும் மார்கழியில் பெயின்ட் அடிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையைக் குடித்துவிட்டுச் சுவர் வருடத்திலேயே அதிக ஈரத்தோடு நிற்கிற மாதம் அது. மாசிக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். மூன்று லட்சம் கூடக் கேட்க நினைத்தவர், 'இவ்வளவு மறைத்தவர் வேறு எதை மறைத்திருக்கிறாரோ' என்ற பேச்சோடு விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறைப்பது கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-வது பிரிவைப் படியுங்கள். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவு மோசடி என்றே சொல்கிறது.

சரி, குறைந்த காசில் என்னதான் செய்வது? தண்ணீரை நிறுத்துங்கள். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகை அள்ளுங்கள். தட்டோடு இடுக்குகளில் விரிசல் இருந்தால் அடையுங்கள். வாட்டம் கெட்டுத் தண்ணீர் தேங்கும் மூலையை மட்டும் ஒரு கொத்தனாரை வைத்துச் சரிசெய்யுங்கள். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் போடுங்கள். சுவரை ஒட்டிக் குவித்த பூந்தொட்டி மண்ணை அப்புறப்படுத்துங்கள். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். உப்பு பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரு கோடை காயவிடுங்கள். பிறகு வெள்ளையடித்தாலே போதும். சுண்ணாம்பு, சுவரின் ஈரத்தை அடைத்து வைக்காது. அப்படியும் ஓதம் மிச்சம் இருந்தால், இருக்கிறது என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. மாடுலர் கிச்சன் போட்டால் விலை கூடுமாம். வாங்குகிற அம்மாவுக்கு உங்கள் அலமாரியின் நிறம் பிடிக்காது, பெயர்த்துவிடுவார். வாஸ்துவுக்காகக் கழிப்பறையை இடிப்பவரிடம் பேசிப் பயனில்லை. வாங்குகிறவர் தன் ஜோசியரின் பேச்சைத்தான் கேட்பார். பத்திரமெல்லாம் அட்வான்ஸ் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் ஆபத்தானது. பட்டா தாத்தா பெயரில் கிடக்கும், வாரிசுச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள், வந்தவர் வங்கி வக்கீலிடம் போய்விட்டுத் திரும்பி வரவே மாட்டார். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். பெயின்ட் செலவில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாது.

கடைசியாக மழைநீர் சேகரிப்பு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. இன்று பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாய் இறங்கியிருக்கும். கீழே தொட்டி மண் மூடிக் கிடக்கும். வழிந்த தண்ணீர் அஸ்திவாரத்தைச் சுற்றி நின்று, முன்னே சொன்ன ஓதத்துக்குத் தீனி போடும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரர், வீடு பார்க்க வரும்போது சுவரின் நிறத்தையா விசாரிப்பார்? போரில் எத்தனை அடியில் தண்ணீர் என்றுதான் கேட்பார். தொட்டியைத் தூர் வாரி, ஜல்லியை அலசிப் போட ஓர் ஆளின் கூலி ஆகும். விற்கப் போகிற வீடுதானே என்று விடாதீர்கள். அதை முடித்துவிட்டு 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டுங்கள்.