கூலி கொடுப்பது யார்?

"வீட்டில் இருந்தே வேலை. தினமும் 2,000 ரூபாய் சம்பளம்." செல்போனில் இப்படிச் செய்தி வரும்.

முதல் நாள் சின்ன வேலை தருவார்கள். 150 ரூபாய் உடனே வரும். நமக்கு நம்பிக்கை பிறக்கும்.

மறுநாள், "1,000 ரூபாய் கட்டுங்கள், 1,300 ரூபாய் தருகிறோம்" என்பார்கள். அதுவும் வரும். பிறகு 10,000 கேட்பார்கள். அது திரும்பி வராது. "வரி கட்டினால்தான் உங்கள் பணம் கிடைக்கும்" என்று இன்னும் கேட்பார்கள். முதலில் வந்த பணம் தூண்டில் புழு.

நாற்று நடப் போகிறோம். வேலைக்கு முன்பு நம்மிடம் யாராவது பணம் கேட்பார்களா? உழைப்பவருக்குத்தான் கூலி. வேலை தருகிறவர் பணம் கேட்டால் அது மோசடி.

செல்போனில் பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க வேண்டியதில்லை. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்தியா முழுவதற்கும் இதுதான் எண். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன்பே வங்கியில் தடுக்க வழி உண்டு.

விடை சொல்லுங்கள்:
1. முதலில் பணம் தருவது ஏன்?
2. உதவிக்கு எந்த எண்? சுவரில் எழுதி வையுங்கள்.