உம்மாவின் கடன் கொப்பியும் எனது பைதனும்

தரம் 12 இரண்டாம் தவணைப் பரீட்சையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் எனக்குக் கிடைத்தது 38 புள்ளி. பாய்ச்சற்கோட்டுப்படம், போலிக்குறிமுறை எல்லாம் மனனம் செய்திருந்தேன். புதிதாக ஒரு செய்நிரல் எழுதச் சொன்னதும் கை ஓடவில்லை. பாடத்தை மாற்றப் போவதாக வாப்பாவிடம் சொன்னேன். "அடுத்த தவணை வரைக்கும் பாருங்க மகள்" என்றார்.

அந்த விடுமுறையில்தான் எனது சொந்தச் செயற்றிட்டம் தொடங்கியது.

உம்மா வீட்டில் அபாயா தைப்பவர். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். பலர் கூலியை இரண்டு மூன்று தடவையாகவே கொடுப்பார்கள். மாத முடிவில் அவற்றைக் கூட்டிக் கழிக்க அவர் படும் பாட்டைப் பார்த்து, இதற்கொரு செய்நிரல் எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதல் நாள், ஒருவர் 500 ரூபாவும் பிறகு இன்னொரு 500 ரூபாவும் தந்ததாகப் பதிந்தேன். மொத்தம் 500500 என்று திரையில் வந்தது! "இப்படி வந்தா நல்லம்தானே" என்று உம்மா சிரித்தார். பைதனில் 'இன்புட்' மூலம் நாம் கொடுப்பது, இலக்கமாகவே இருந்தாலும், சரமாகத்தான் உள்ளே போகிறது. இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒன்றன் பக்கத்தில் மற்றது ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' கொண்டு முழுவெண்ணாக மாற்றினால்தான் 1000 வரும். டீச்சர் இதை வகுப்பில் சொல்லித் தந்தவர்தான், என் கொப்பியிலும் இருந்தது. ஆனால் 500500 ஐக் கண்ட பிறகு அதை நான் மறக்கவில்லை.

பெரிய பிழை பிறகு வந்தது. செய்நிரலை மூடினால் விபரங்கள் அழிந்துவிடும் என்பதால் அவற்றைக் கோப்பில் சேமிக்கப் பழகினேன். ஒரு மாலை முழுவதும் இருந்து இரண்டு மாதக் கணக்கைத் தட்டெழுதினேன். மறுநாள் ஒரேயொரு புதிய வரியைச் சேர்த்துவிட்டுக் கோப்பைத் திறந்தால் அந்த ஒரு வரி மட்டுமே இருந்தது. கோப்பைத் திறக்கும் முறையாக 'டபிள்யூ' கொடுத்திருந்தேன். அது பழையதை முழுவதும் அழித்துவிட்டு எழுதும். இருப்பதன் கீழே சேர்ப்பதற்கு 'ஏ' கொடுக்க வேண்டும். உம்மா கொப்பியைக் கைவிடாமல் இருந்தது நல்லதாயிற்று.

அன்றிரவு இனி இந்த வேலையே வேண்டாம் என்று படுத்துவிட்டேன். காலையில் உம்மா, "கணக்கு எங்க மகள்?" என்று கேட்டார். வினாத்தாளில் வரும் செய்நிரலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. இதற்கு ஒருவர் காத்திருந்தார். அதனால்தான் மீண்டும் உட்கார்ந்தேன். இதற்கு முன் தோழி ஒருத்தியும் நானும் முழுப் பாடசாலைக்கும் ஒரு செயலி செய்யத் திட்டமிட்டிருந்தோம். பெயரும் இலச்சினையும் மட்டுமே முடிந்தன!

நாம் படிக்கும் பைதனே ஒருவரின் சொந்தச் செயற்றிட்டம்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989 நத்தார் விடுமுறையில், அலுவலகம் மூடியிருந்த நாட்களைக் கழிக்கப் பொழுதுபோக்காக அதைத் தொடங்கினார். 1991 இல் வெளியிட்டார். அதே ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி அறிவித்த லினக்ஸ்தான் இன்றைய அன்ட்ரொய்ட் கைபேசிகளுக்கு அடிப்படையாக இருக்கிறது.

பெற்றோர் கவலைப்படுவதிலும் நியாயம் உண்டு. இந்த மோகத்தில் நான் பொருளியல் ஒப்படையொன்றைப் பிந்திக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். அதன்பின் வாப்பா ஒரு நிபந்தனை போட்டார்: வெள்ளிக்கிழமை அஸர் முதல் மஃரிப் வரை மட்டும். முதலில் கோபம் வந்தது. ஆனால் நேரம் குறைவு என்பதால், அடுத்து என்ன எழுதுவது என்பதை வாரம் முழுவதும் மனதிலேயே போட்டுப் பார்க்கிறேன். பேருந்தில் வரும்போதே பாதிப் பிழைகள் பிடிபட்டுவிடுகின்றன.

மூன்றாம் தவணையில் 61 புள்ளி. பாடத்தை மாற்றவில்லை.

இப்போது உம்மா, ஒவ்வொருவருடைய தோள், கை, உயர அளவுகளையும் அதிலேயே சேர்க்க முடியுமா என்று கேட்கிறார். ஒரு பெயருக்குக் கீழே பல அளவுகளை வைக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த பட்டியல் மட்டும் போதாது. வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பாடத்தைத் திறக்க இருக்கிறேன்.