பூட்டை மாற்றினால் உரிமை மாறிவிடாது

சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வருடமாகத் தையல் கடை வைத்திருந்த காக்கா வந்து நின்றார். வயது எழுபத்திரண்டு. "தம்பி, கடைப் பூட்ட மாத்திட்டாங்க. மெஷின் எல்லாம் உள்ளுக்குத்தான் இருக்கு" என்றார். எப்போது என்று கேட்டேன். "ஏழு கிழமையாகுது" என்றார். இத்தனை நாளும் மகள் வீட்டாருக்குத் தெரிந்தால் வெட்கம் என்று சுகமில்லாதவர் போல வீட்டில் இருந்திருக்கிறார்.

பழைய கட்டிடச் சொந்தக்காரர் நல்ல மனிதர். அவர் மௌத்தான பிறகு கட்டிடம் வேறு கைக்குப் போனது. புதியவர்கள் நான்கு மாதமாக வாடகையை வாங்கவில்லை. "பிறகு பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினார்கள். காக்கா அந்தப் பணத்தை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். பிறகுதான் ஒரு சனிக்கிழமை இரவு பூட்டு மாறியது.

வர்த்தகச் சகோதரர்களே, பதுளையில் நம்மில் பலர் வாடகைக் கடையில்தான் தொழில் செய்கிறோம். சிலர் வாடகைக்குக் கொடுத்தும் இருக்கிறோம். ஆகவே இரு பக்கத்தாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலாவது, கட்டிடம் விற்கப்பட்டது என்பதற்காக வாடகை உரிமை முடிந்துவிடாது. நமது நாட்டில் வழக்கிலுள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் இடத்துக்கு வருகிறார். வாடகைக்காரர் அவருக்கு வாடகை செலுத்தித் தொடர்ந்து இருக்கலாம்.

இரண்டாவது, வாடகையை வாங்க மறுப்பது ஒரு பழைய தந்திரம். நிலுவை என்பது வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். வாங்காமல் விட்டு, பிறகு "பல மாத நிலுவை" என்று வழக்குப் போடுவார்கள். இதற்குத்தான் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டிடமானால், உள்ளூராட்சி சபையில் இதற்கென அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைக் கட்டலாம். பதுளை நகரில் அது மாநகர சபை. கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தால் நிலுவை என்று சொல்ல முடியாது. பிஸ்கட் டின்னில் கிடக்கும் பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் பற்றுச்சீட்டு இல்லை.

எல்லாக் கட்டிடமும் அந்தச் சட்டத்துக்குள் வராது. கட்டிய காலம், வரிமதிப்பீடு ஆகியவற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சட்டத்துக்குள் வராத கட்டிடங்களில், நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை முடிந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான முறையில் உடைமையை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒரு கட்டளை கைக்கு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் போக வேண்டும். ஆனால் எந்தச் சட்டமாக இருந்தாலும் வழி நீதிமன்றம்தான். பூட்டை மாற்றுவது வழியல்ல.

மூன்றாவது, அன்று காக்காவைக் காப்பாற்றியது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம். அதன் 66ஆம் பிரிவில், சமாதானம் குலையக்கூடிய காணி, கட்டிடப் பிணக்கைப் பொலிஸாரோ சம்பந்தப்பட்டவரோ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே விட நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் வெளியேற்றியது, தகவல் தாக்கல் செய்யப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும்.

ஏழு கிழமை போய்விட்டது. மீதி பத்துப் பதினொரு நாள்தான். அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனோம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்த ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்து தருகிறது. அங்கே கேட்ட முதல் கேள்வி: "நீங்கள்தான் கடையில் இருந்தீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது?" பழைய வாடகைப் பற்றுச்சீட்டுகள், காக்காவின் பேரில் வந்த மின்சாரப் பில்கள், வருடா வருடம் மாநகர சபையில் எடுத்த வியாபார அனுமதிப் பத்திரம் எல்லாம் ஒரு பழைய துணிப்பையில் இருந்தன. அவற்றோடு சத்தியக் கடதாசி போட்டு, கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் தாக்கல் செய்தார்கள். சில மாதங்களில் மெஷின் மறுபடி ஓடியது. இந்தக் கட்டளை தற்காலிகமானதுதான். கடைசி முடிவு சிவில் வழக்கில். ஆனாலும் வெளியே நின்று வழக்குப் பேசுவதும் உள்ளே இருந்து பேசுவதும் ஒன்றல்ல.

தோட்டப் பக்கத்து வாடிக்கையாளர்களும் இதைக் கேட்கிறார்கள். பென்சன் வயதாகி வேலை நின்றவர்கள் லயத்து அறையை விட்டு உடனே போக வேண்டுமா என்று. தோட்டக் குடியிருப்புகளுக்கு 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் தனியாக இருக்கிறது. வேலை நின்றுவிட்டது என்பதற்காக நீதிமன்றக் கட்டளையின்றி ஆளை வெளியே போட முடியாது. அறுபது வயது கடந்தவர்கள் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தில் இருக்கும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் ஆலோசனை கேட்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. வாடகைக்குப் பற்றுச்சீட்டு எடுங்கள். வாங்க மறுத்தால் அந்த மாதமே கட்ட வேண்டிய இடத்தில் கட்டுங்கள். அறிவித்தல் வந்தால் பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். எழுத்தில் அனுமதி எடுக்காமல் கடையின் ஒரு பகுதியை மருமகனுக்குக்கூட உப வாடகைக்குக் கொடுக்காதீர்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள், நாளை எண்ணுங்கள்.

கடைசியாக என்னைப் பற்றி. என் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் வயதான உம்மா ஒருவர் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறார். காக்காவின் பையைப் பார்த்த அன்று இரவுதான் நினைத்துப் பார்த்தேன், அவருக்கு நான் ஒரு பற்றுச்சீட்டும் கொடுத்ததில்லை. நான் நல்லவன் என்று அவர் நம்பினார். நான் போன பிறகு என் பிள்ளைகள் எப்படியோ? அடுத்த மாதமே ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் சீட்டைக் கொடுத்தபோது, "இது என்னத்துக்கு வாப்பா?" என்று கேட்டார். "பத்திரமா வைங்க உம்மா" என்றேன்.